மாமியும் மருமகளும் மிஞ்சிய வீடு

ரயில் நிலையத்தில் ஒரு தாயும் மருமகளும் காத்து நிற்கிறார்கள். போர்முனைக்குப் போகிற மகனை ஒரு நிமிடமாவது பார்க்கவேண்டும். ரயில் வருகிறது, ஆனால் நிற்கவில்லை. அவன் அம்மாவையும் அண்ணியையும் பேர் சொல்லிக் கத்திக்கொண்டே தன் தொப்பியைக் கழற்றி வீசிவிட்டுப் போய்விடுகிறான். அன்றைக்கு அந்தத் தாய்க்கு அவனிடமிருந்து கிடைத்தது அந்தத் தொப்பிதான்.

கிர்கீசிய எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘அன்னை வயல்’ நாவலில் வருகிற காட்சி இது. அதை இந்த மாதம் மூன்றாவது தடவையாக வாசித்தேன். 1963இல் வந்த சின்னப் புத்தகம். கிர்கீசியக் கிராமத்துத் தாய் தொல்கொனாய் தன் வயலோடு பேசுகிறாள், அதுதான் மொத்த நாவலும். இரண்டாம் உலகப்போரில் கணவனும் மூத்த மகனும் மொஸ்கோவுக்குப் பக்கத்தில் ஒரே சண்டையில் சாகிறார்கள். தொப்பியை வீசிவிட்டுப் போன இரண்டாவது மகனும் திரும்பவில்லை. கடைசிப் பிள்ளை காணாமல் போகிறான்.

இந்தக் ‘காணாமல்’ என்ற சொல்லைத் திருகோணமலையில் இருந்துகொண்டு வாசிக்கிறபோது கை அப்படியே நின்றுவிடுகிறது. ஐத்மாத்தவின் அப்பாவை 1938இல் ஸ்டாலின் ஆட்சி சுட்டுக் கொன்றது. எங்கே புதைத்தார்கள் என்று குடும்பத்துக்குத் தெரியாது. அப்பா, உங்கள் புதைகுழி எங்கே என்று எனக்குத் தெரியாது என்று சொல்லித்தான் மகன் இந்தப் புத்தகத்தை அவருக்குச் சமர்ப்பித்தார். எலும்புகள் கிடைத்தது 1991இல். ஐம்பத்து மூன்று வருடம்.

சரி, நான் சொல்ல வந்தது வேறு. எங்கள் போர்க்கதைகளில் அம்மா என்றால் மகனின் படத்தைப் பிடித்துக்கொண்டு அழுகிற அம்மாதான். அந்த அழுகை பொய் என்று யார் சொன்னார்கள்? ஆனால் அடுத்த நாள் காலையில் அவர் என்ன செய்தார், வீட்டில் மிஞ்சியிருந்த மருமகளோடு என்ன கதைத்தார் என்று நாங்கள் எழுதுவதே இல்லை. தொல்கொனாய் பசியில் கிடக்கிற வீடுகளில் ஏறி இறங்கி விதைத் தானியம் சேர்க்கிறாள். விதவையான மருமகள் அலிமான் ஒரு இடையனால் கர்ப்பமாகிறாள். தொல்கொனாய் கோபிக்கவில்லை. ஆனால் கேட்கவும் வாய் வரவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் அதைப் பேசாமலே நாட்களைக் கடத்துகிறார்கள். அலிமான் பிரசவத்தில் செத்துப்போகிறாள். போரை விட அந்த மௌனம்தான் என்னை உலுக்கியது.

ஏனென்றால் அந்த மௌனத்தை நான் பார்த்திருக்கிறேன். என் பெரியம்மாவின் ஊர் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர். 2006இல் ஊரை விட்டு ஓடும்போது சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தது ஒரு பிடி விதைக் கௌப்பி. வாகரையிலிருந்து வெளிக்கிடும்போது அவரின் மகன், என் அண்ணா, காணாமல் போனார். பெரியம்மாவும் அண்ணியும் மட்டக்களப்பு, பிறகு கிளிவெட்டி என்று முகாம் முகாமாய் அலைந்தார்கள். எங்கே போனாலும் தறப்பாள் கூடாரத்துக்குப் பக்கத்தில் நாலு முழ நிலம் கொத்தி அந்தக் கௌப்பியைப் போடுவார். காய்த்ததில் நல்லதைப் பொறுக்கி, சாம்பல் கலந்து, போத்தலில் அடைத்து வைப்பார். பத்து வருடம் கழித்து ஊருக்குத் திரும்பியபோதும் கையில் விதை இருந்தது.

அண்ணிக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பொட்டு வைத்தால் ஒரு கதை, வைக்காவிட்டால் இன்னொரு கதை. ஒருநாள் கௌப்பி உடைத்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா தலை நிமிராமலே சொன்னாராம்: “பிள்ளை, உனக்கு ஆரையும் பிடிச்சிருந்தா சொல்லு. நான் கதைக்கிறன்.” அண்ணி எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் சொன்னார்.

அந்தக் கலியாணத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் போகவில்லை. நானும் போகவில்லை. இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது. இப்போது அண்ணியின் பிள்ளைகள் பெரியம்மாவை அம்மம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

போர் நாவல் எழுதுகிற எங்கள் ஆட்களிடம் கேட்கிறேன்: கௌப்பி உடைத்த அந்தப் பின்னேரத்தை எழுதுங்கள். குண்டு விழுந்ததை நிறைய எழுதிவிட்டோம்.

போன கிழமை புத்தகத்தை அண்ணியிடம் கொடுத்தேன். நாலாம் நாள் திருப்பித் தந்தார். “அந்த மாமிக்குக் கேக்க வாய் வரேல்லை, பாவம்” என்றார். பிறகு பெரியம்மாவுக்குத் தேத்தண்ணி போட உள்ளே போய்விட்டார்.