இரு புலங்களின் பிழையை ஒன்றின் மேல் சுமத்தாதீர்கள்

இணையப் படிவத்தில் ஒரு புலத்தை, அதாவது நிரப்ப வேண்டிய ஒரு பெட்டியை, தனியாகச் சரிபார்ப்பது இன்று எளிது. புலம் கட்டாயமானதா, எண்ணின் எல்லை எது, எழுத்துகள் எந்த வடிவில் அமைய வேண்டும் என்பனவற்றை 2014இல் பரிந்துரையாக வெளியான எச்டிஎம்எல்5 என்ற இணையப்பக்க மொழியின் நெறியிலேயே பண்புக்கூறுகளாக, அதாவது புலத்தோடு சேர்த்தெழுதும் குறிப்புகளாக, எழுதிவிடலாம். ஆனால் முடிவுத் தேதி தொடக்கத் தேதிக்கு முந்தியதாக இருக்கக் கூடாது என்பது போல, ஒரு புலத்தை இன்னொன்றோடு பிணைக்கும் விதிக்கு அதில் பண்புக்கூறு இல்லை. நிரலாளரே அதை எழுதியாக வேண்டும். பயனர்கள் அதிகம் அல்லற்படுவது இந்த இடத்தில்தான்.

தொடக்கம் 20ஆம் தேதி, முடிவு 15ஆம் தேதி என்று ஒருவர் நிரப்பினால், இரண்டில் எது தவறு என்பது படிவத்துக்குத் தெரியாது. ஆயினும் பலர் அந்த விதியை முடிவுத் தேதியில் மட்டும் பொருத்திவிடுகிறார்கள். பயனர் தொடக்கத் தேதியை 10 என்று திருத்திய பிறகும் முடிவுத் தேதியின் சிவப்பு எச்சரிக்கை அகலுவதில்லை. செட்கஸ்டம்வேலிடிட்டி என்ற உலாவிக் கட்டளை வழியாக இட்ட பிழைச்செய்தியை வெற்றுச் சரம் (எழுத்தே இல்லாத உரை) கொடுத்து நீக்கும்வரை உலாவி அந்தப் புலத்தைப் பிழையானதாகவே கருதும். நீக்க வேண்டிய நிரலோ முடிவுத் தேதி மாறினால் மட்டுமே இயங்குகிறது. எல்லாவற்றையும் சரியாக நிரப்பிய ஒருவரைத் தடுத்து நிறுத்துவது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

இத்தகைய விதி படிவம் முழுமைக்கும் உரியதாக, ஒரே செயற்கூறாக (நிரல்துண்டாக) எழுதப்பட வேண்டும். எந்தத் தேதி மாறினாலும் அது இயங்க வேண்டும். ஒன்று இன்னும் காலியாக இருந்தால் வாய் திறக்கக் கூடாது. செய்தியும் இரண்டு தேதிகளையும் குறிப்பிட வேண்டும். நாள், மாதம், ஆண்டு என மூன்று புலங்கள் இருக்கும்போது 29, பிப்ரவரி, 1900 ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே சரிதான்; 1900 நெட்டாண்டு (லீப் ஆண்டு) அல்ல என்பதால் மூன்றும் சேரும்போதுதான் பிழை உண்டாகிறது. அங்கே எந்த ஒரு பெட்டியைச் சிவப்பாக்குவது?

மறைந்து தோன்றும் புலங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. 'பிற' என்பதைத் தேர்ந்தால் மட்டும் தோன்றும் பெட்டியைக் கட்டாயப் புலமாகவே விட்டுவிட்டு, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் கொண்டு கண்ணுக்கு மறைத்தால், உலாவி படிவத்தை அனுப்ப மறுக்கும். மறைந்த பெட்டியில் சுட்டியை நிறுத்த முடியாததால் காரணத்தையும் காட்டாது. மறைக்கும்போதே அதைச் செயலிழக்கச் செய்தால் சரிபார்ப்பிலிருந்தும் அனுப்பப்படும் தரவிலிருந்தும் அது விலகிவிடும். உள்ளே தட்டச்சு செய்ததை மட்டும் அழிக்காதீர்கள். மனம் மாறித் திரும்புபவர் மீண்டும் எழுத நேரக் கூடாது.

உலாவியின் சரிபார்ப்பை எவரும் எளிதில் தாண்டிவிடலாம் என்பதால், இதே விதிகள் சேவையகத்திலும் இருந்தாக வேண்டும். இரு பக்கமும் தனித்தனியே எழுதினால் நாளடைவில் ஒன்றுக்கொன்று முரண்படும்; தரவு எப்படி அமைய வேண்டும் என்று விவரிக்கும் ஜேசன் ஸ்கீமா போன்ற ஒரே வரையறையிலிருந்து, அதன் நிபந்தனை விதிகளையும் சேர்த்து, இரண்டும் படிப்பதையே நான் விரும்புகிறேன்.