சம்பளம் கொடுத்தாச்சு, கணக்கு முடிஞ்சுதா?

எங்கள் குடியிருப்பில் பதினோரு வருஷமாக இருந்த வாட்ச்மேன் வேலையை விட்டுப் போகிறார். அவரை வழியனுப்புவது பற்றி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நேற்று நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஸ்கிரீன்ஷாட் அதற்குள் நாலு பக்கமும் போய்விட்டது. "அந்த ஆள் நீங்கதானா?" என்று இன்பாக்ஸில் விசாரிக்கிறார்கள். ஆமாம், "பத்து நிமிஷம் கீழே வாங்க, அவரை வழியனுப்பி வைப்போம்" என்று போட்ட ஆள் நான்தான்.

அதற்கு வந்த பதிலையும் பார்த்திருப்பீர்கள். "சம்பளம் வாங்கிக்கிட்டுதானே சார் வேலை பார்த்தாரு? இதுல நன்றி எங்கேருந்து வந்துச்சு?" கீழே பதினேழு கட்டைவிரல். இரண்டு தடவை எண்ணினேன். அந்தப் பதினேழில் ஒருவருடைய பிள்ளைகளைத் தினமும் காலையில் வேன் வரும்வரை கையைப் பிடித்துக்கொண்டு நின்றது இதே வாட்ச்மேன்தான். யார் என்று சொல்ல மாட்டேன். மூன்றாவது மாடி என்று மட்டும்... சரி, அதுவும் வேண்டாம்.

சம்பளம் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்துவிடாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதற்குப் போய் "புரட்சி பண்றார்" என்று ஒரு ஸ்மைலி வேறு.

சம்பளம் எதற்கு? கேட்டைத் திறக்க, மூட, வருகிறவர்கள் பெயரை நோட்டில் எழுத, ராத்திரி இரண்டு சுற்று வர. அதற்குத்தான் கொடுத்தோம், அதுவும் மாதம் பிறந்து ஆறேழு நாள் கழித்து. பதினோரு வருஷத்தில் அவர் செய்ததெல்லாம் அந்த நாலு வேலைதானா?

ஒரே ஒரு நாளைச் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோனது. உள்ளே என் அம்மா, தனியாக. மூட்டுவலிக்காரி, இருட்டென்றால் பயம். நான் ஆபீசிலிருந்து ஓடி வந்துகொண்டிருக்கிறேன். மெக்கானிக் வர நாற்பது நிமிஷம் ஆனது. அந்த நாற்பது நிமிஷமும் இவர் கதவிடுக்கில் வாயை வைத்தபடி தரையில் உட்கார்ந்திருக்கிறார். "கதவை நெம்பாதீங்கம்மா, உள்ளேயே இருக்கிறதுதான் பத்திரம். காத்து வரும், பயப்படாதீங்க. உங்க கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு?" அம்மா ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, "அவங்களுக்கு எத்தனை பிள்ளைங்க? மூத்தவன் என்ன பண்றான்?" என்று நூல் அறாமல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். நான் வந்து சேர்ந்தபோது பேச்சு என் சின்ன மாமாவின் கல்யாணச் சண்டையில் இருந்தது.

எந்தச் சம்பளச் சீட்டில் இதற்கு ஒரு வரி இருக்கிறது? காட்டுங்கள், நான் பதிவையே எடுத்துவிடுகிறேன்.

குழுவில் வந்த மற்ற கமென்டுகளுக்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்.

"நன்றி சொன்னா வயிறு நிறையுமா? சம்பளத்தைக் கூட்டிக் கொடுங்க." நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்பது யார்? போன வருஷக் கூட்டத்தில் சம்பள உயர்வு என்று பேச்செடுத்ததும் "மெயின்டெனன்ஸ் ஏறிடும்" என்று முதலில் கை தூக்கியவரே இன்று இதைக் கேட்கிறார். சம்பளம் கேட்டால் பணம் இல்லை, நன்றி கேட்டால் சம்பளம் போதும். நல்லா இருக்கு சார் உங்க நியாயம். 1968-ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் மழைக்கு ஒதுங்கிய இரண்டு துப்புரவுத் தொழிலாளிகள் குப்பை லாரியின் இயந்திரத்தில் நசுங்கிச் செத்தார்கள். அதன்பின் சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம் கேட்டார்கள், சங்கத்தை அங்கீகரிக்கச் சொன்னார்கள். அவர்கள் கையில் பிடித்திருந்த அட்டையில் எழுதியிருந்தது என்ன தெரியுமா? 'நான் ஒரு மனிதன்.' அவ்வளவுதான். காசும் மரியாதையும் அவர்களுக்கு ஒரே கோரிக்கை. இரண்டையும் பிரித்து, ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்கிற சாமர்த்தியம் நமக்குத்தான் இருக்கிறது.

"அவருக்கே கூச்சமா இருக்கும், விடுங்க." இதுவும் வந்தது. கூச்சம் யாருக்கு? அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தங்களுக்கு உதவியவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, 'இதைப் படித்தால் அவர் எப்படி உணர்வார்?' என்று எழுதியவர்களிடம் கேட்டார்கள். கடிதம் கிடைத்தவர்களிடமும் விசாரித்தார்கள். எழுதியவர்கள் பயந்த அளவுக்குக் கடிதம் வாங்கியவர்களுக்குச் சங்கடம் இல்லை. அவர்களுக்குக் கிடைத்த சந்தோஷமோ இவர்கள் நினைத்ததைவிட அதிகம். ஆக, கூச்சம் நம்முடையது. அதை அவர் தலையில் கட்டாதீர்கள்.

"பெரிய நல்லவர் மாதிரி வேஷம் போடாதீங்க." இதை எழுதியவர் என்னோடு தினமும் நடைப்பயிற்சிக்கு வருபவர். ராத்திரி தூக்கம் வரவில்லை. வேஷமா? யோசித்துப் பார்த்தேன். போனை எடுத்து அவர் நம்பரைத் தேடினேன். 'வாட்ச்மேன் 2' என்று இருந்தது. பதினோரு வருஷமாக அப்படித்தான் இருந்திருக்கிறது. ஒன்றாம் நம்பர் வாட்ச்மேன் போய் ஆறு வருஷமாகிறது, இவர் இன்னமும் இரண்டுதான்.

அதைவிட மோசமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் திறந்த அன்று மெக்கானிக்கின் கையைக் குலுக்கி "ரொம்ப தேங்க்ஸ் பாஸ்" என்றேன். பக்கத்தில் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தவரிடம், "அண்ணே, அம்மாவுக்குத் தண்ணி கொண்டு வாங்க" என்றேன். அவர் கொண்டு வந்தார். இதை நான் மறந்தே போயிருந்தேன். நேற்று அந்தப் பதினேழு கட்டைவிரலைப் பார்த்த பிறகுதான் ஞாபகம் வந்தது. ஆக, பதினெட்டாவது கட்டைவிரல் என்னுடையது. திருப்தியா?

ஆனாலும் நான் தப்பு செய்தேன் என்பதால் நீங்கள் சொன்னது சரியாகிவிடாது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பதிவை டைப் பண்ணும்போது தோளுக்குப் பின்னாலிருந்து படித்த என் மனைவி, "வாட்ச்மேனுக்கு இவ்வளவு எழுதறீங்க. எனக்கு ஒரு வரியாவது எழுதியிருக்கீங்களா?" என்றாள். கிண்டலாகத்தான் சொன்னாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் முகத்தில் சிரிப்பு இல்லை. 1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்துப் பெண்களில் சுமார் 90 சதவீதம் பேர் ஆபீஸ் வேலை, வீட்டு வேலை இரண்டையும் ஒரு நாள் நிறுத்திப் பார்த்தார்கள். பள்ளிகள் மூடின, தொழிற்சாலைகள் நின்றன, அப்பாக்கள் பிள்ளைகளை ஆபீசுக்குக் கூட்டிப் போனார்கள். அடுத்த வருஷமே அங்கே சம உரிமைச் சட்டம் வந்தது. இதை அவளிடம் சொன்னேன். "சட்டமெல்லாம் வேணாம். காய்ச்சல்ல படுத்திருந்தப்ப 'இன்னிக்கு சமையல் இல்லையா'ன்னு கேட்டீங்களே, அதைக் கேட்காம இருந்திருக்கலாம்" என்றாள். இதற்கு என்னிடம் ஆய்வும் இல்லை, பதிலும் இல்லை. வாட்ச்மேன் விஷயத்துக்கே வருகிறேன்.

2020-ல் உலகம் முழுக்க பால்கனியில் நின்று கை தட்டினோமே, ஞாபகம் இருக்கிறதா? அப்போதும் இந்த மனுஷன் முகக்கவசத்தோடு கீழேதான் நின்றுகொண்டிருந்தார். நாம் தட்டியது முகம் தெரியாதவர்களுக்கு, தலைக்கு மேலே. முகம் தெரிந்த ஒருவருக்காகப் பத்து நிமிஷம் கீழே இறங்கி வரச் சொன்னால் சம்பளக் கணக்கு பேசுகிறோம்.

நேற்று சாயங்காலம் ஐந்து பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் பிள்ளைகள். நான் பேசுவதற்குக் குறிப்பெல்லாம் எழுதி வைத்திருந்தேன், வாயில் ஒன்றும் வரவில்லை. அம்மாதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு நீ பேசலைன்னா நான் உள்ளேயே போயிருப்பேன் தம்பி" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே கேட்டைப் பார்த்தார். யாரோ ஹாரன் அடித்தார்கள். பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுத் திறக்கப் போய்விட்டார்.

அந்த ஹாரன் மூன்றாவது மாடிக்காரருடையது. சரி, சொல்லிவிட்டேன்.

ராத்திரி போனில் பெயரை மாற்றினேன். பெயர் தெரியும், இனிஷியல் தெரியவில்லை. அதைக் கேட்கலாமென்று இன்று காலையில் கூப்பிட்டேன். எடுத்ததும் அவர் கேட்டது: "என்ன சார், லிஃப்ட் மறுபடி நின்னுடுச்சா?"