65 மதிப்பெண் கேம்களுக்கு ஒழுங்கான விமர்சனமே வருவதில்லை

படுமோசமான கேமுக்குக் கிடைக்கிற கவனிப்பே தனி. 2003இல் வந்த ‘பிக் ரிக்ஸ்’ என்ற லாரிப் பந்தய கேமைப் பாருங்கள். முதலில் வெளியான பதிப்பில் எதிராளியின் லாரி தொடக்கக் கோட்டை விட்டு நகரவே நகராது. கட்டடத்தின் மேல் மோதினால் மோதாது, உள்ளே புகுந்து மறுபக்கம் வந்துவிடலாம். பாலம் லாரியைத் தாங்காது. ரிவர்ஸில் போனால் வேகத்துக்கு உச்சவரம்பே கிடையாது. ஜெயித்தால் ஒரு கோப்பையும் அதன் கீழே இலக்கணப் பிழையோடு ஒரு வாழ்த்தும் வரும். விமர்சகர்களின் மதிப்பெண்களைச் சேர்த்துச் சராசரி காட்டும் மெட்டாக்ரிடிக் தளத்தில் 100க்கு 8 மதிப்பெண். இருபது வருடம் தாண்டியும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள், வீடியோ போடுகிறார்கள், விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

உச்சத்தில் இருக்கும் கேமுக்கும் குறை இல்லை. அதன் ஒரு கதவு திறக்கும் சத்தத்தைப் பற்றிக்கூட நாலு பக்கக் கட்டுரை வந்துவிடும். பாவம், நடுவில் மாட்டிக்கொண்ட கேம்தான். அதற்குக் கிடைப்பது ஒரே பத்தி: “கிராபிக்ஸ் நன்றாக இருக்கிறது, கதை பரவாயில்லை, போகப்போக கேம்ப்ளே ஒரே மாதிரி ஆகிவிடுகிறது, தள்ளுபடியில் வந்தால் வாங்கலாம், 6.5.” கேமின் பெயரை மட்டும் மாற்றி இதை எத்தனை கேமுக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எனக்கு இதில் எரிச்சல் வரக் காரணம் உண்டு. 95 வாங்கிய கேமை விமர்சனம் படித்துவிட்டா வாங்குகிறோம்? 20 வாங்கியதைத் தொடவே போவதில்லை. விமர்சகரின் உதவி உண்மையிலேயே தேவைப்படுவது 55க்கும் 74க்கும் நடுவில் நின்று, வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவனுக்குத்தான். அந்த இடத்தில்தான் விமர்சகர்கள் கொட்டாவி விடுகிறார்கள்.

இந்த எண்ணே முதலில் சரியில்லை என்பது வேறு விஷயம். 10க்கு 5 என்றால் நடுத்தரம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கேம் உலகத்தில் அப்படி இல்லை. இங்கே 7தான் நடுத்தரம், 6 என்றால் ஏதோ கோளாறு, 5 என்றால் செத்த கேம். மெட்டாக்ரிடிக் தளத்தின் நிறங்களைக் கவனித்திருக்கிறீர்களா? சினிமாவுக்கு 61 வந்தாலே பச்சை. கேமுக்குப் பச்சை வேண்டுமென்றால் 75 எடுக்க வேண்டும். ஒரே தளம்தான், ஆனால் 65 வாங்கிய படம் பச்சை, 65 வாங்கிய கேம் மஞ்சள். விமர்சகர்கள் கேமுக்கு எப்போதும் கொஞ்சம் தாராளமாகவே மதிப்பெண் போடுகிறார்கள் என்பதைத் தளமே ஒப்புக்கொண்டு பச்சைக்கான எல்லையை மேலே ஏற்றி வைத்துவிட்டது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அமெரிக்கப் பள்ளிகளில் 70தான் சுமாரான மாணவனின் மதிப்பெண், அந்தப் பழக்கம்தான் இங்கேயும் ஒட்டிக்கொண்டது என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். பிரிட்டனில் 1991 முதல் 1996 வரை வந்த ‘அமிகா பவர்’ என்ற கேம் பத்திரிகை இதற்கு எதிராகப் பிடிவாதம் பிடித்தது. நடுத்தரம் என்றால் 50தான், அளவுகோலை முழுசாகப் பயன்படுத்துவோம் என்று அடம்பிடித்து எழுதினார்கள். கேம் நிறுவனங்கள் கடுப்பானதில் ஆச்சரியம் இல்லை. மற்ற பத்திரிகை 75 போடுகிற கேமுக்கு இவர்கள் 50 போட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்?

சரி, எண்ணை விடுங்கள். என் முக்கியமான வாதம் இதுதான்: 65 என்ற ஒரே மதிப்பெண்ணுக்குள் சம்பந்தமே இல்லாத இரண்டு வகை கேம்கள் அடைபட்டுக் கிடக்கின்றன. ஒன்று, எல்லாமே 65 ஆக இருக்கிற கேம். இன்னொன்று, ஒரு விஷயத்தில் 95, இன்னொரு விஷயத்தில் 35, கூட்டி வகுத்தால் 65. முதலாவதை நான் தட்டை என்பேன், இரண்டாவதைக் கோணல். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாத விமர்சனம் எனக்கு எதற்கும் உதவாது.

தட்டைக்கு உதாரணம் கேட்டால் 2011இல் வந்த ‘ஹோம்ஃபிரண்ட்’. வட கொரியா அமெரிக்காவைப் பிடித்துவிட்டது, நீங்கள் எதிர்த்துப் போராடும் குழுவில் ஒருவர். ஆரம்பம் அட்டகாசம். பஸ் ஜன்னல் வழியாகத் தெருவில் நடக்கும் கொடுமைகளைப் பார்த்துக்கொண்டே போகிறீர்கள், எதுவும் செய்ய முடியாது. அதற்குப் பிறகு? துப்பாக்கி சரியாகத்தான் சுடுகிறது, கட்டுப்பாடுகள் சரியாகத்தான் இருக்கின்றன, குண்டு வெடித்தால் சரியாகத்தான் வெடிக்கிறது. ஒரு கதவுக்கு முன்னால் போய் நிற்பீர்கள். கூட வருகிறவர் வந்துதான் திறக்க வேண்டும். அவர் இன்னும் யாரையோ சுட்டுக்கொண்டிருப்பார். நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். அவர் வருவார், ஒரு வசனம் பேசுவார், திறப்பார், உள்ளே போவீர்கள், அடுத்த ஏணிக்குக் கீழே மறுபடி காத்திருப்பீர்கள். இதில் எதையும் தப்பு என்று சுட்டிக்காட்ட முடியாது. ஆனால் ஐந்து மணி நேரத்துக்குள் கதை முடிந்த பிறகு நினைவில் நிற்பது அந்த பஸ் மட்டும்தான். இப்படிப்பட்ட கேமுக்கு “குறை என்று பெரிதாக எதுவும் இல்லை” என்று எழுதுவது பாராட்டு மாதிரித் தெரியும். என்னைக் கேட்டால் அதுதான் இருப்பதிலேயே பெரிய குறை.

கோணலுக்கு உதாரணம், பாலைவனத்தில் வண்டியோடு சண்டை போடும் ‘மேட் மேக்ஸ்’. 2015 செப்டம்பர் 1 அன்று வந்தது. எல்லோரும் காத்திருந்த ‘மெட்டல் கியர் சாலிட் 5’உம் அதே நாளில் வந்தது. இந்தத் தேதியை யார் தேர்ந்தெடுத்தார்களோ தெரியாது, நல்ல மனிதராக இருக்க முடியாது. இந்த கேமில் வண்டி ஓட்டுவது ஒரு தனி சுகம். பின்னால் தொற்றிக்கொண்டு வரும் மெக்கானிக்கின் கையில் ஒரு ஹார்பூன், அதாவது கயிறு கட்டிய ஈட்டி. எதிரி வண்டியின் பக்கத்தில் போய், குறி பார்த்து, ஓட்டுநரை அவர் சீட்டிலிருந்தே பிடுங்கி வெளியே எறியலாம். ஆளில்லாத அந்த வண்டி கொஞ்ச தூரம் நேராகப் போய்ப் பாறையில் முட்டும். புயல் வரும்போது வானம் பழுப்பாகி, தகரமும் கட்டையும் பறந்து வந்து வண்டியில் அடிக்கும், நடுவில் மின்னல் வேறு. துப்பாக்கிக் குண்டு அவ்வளவு அரிது என்பதால் ஒவ்வொன்றையும் சுடுவதற்கு முன்னால் யோசிப்பீர்கள்.

இதெல்லாம் 95. மிச்சம் என்ன? வரைபடம் நிறைய ஐகான்கள். ஒவ்வொரு பகுதியிலும் அதே முகாம்கள், கவிழ்க்க வேண்டிய அதே கம்பங்கள், அதே கண்ணிவெடிகள். பத்தாவது முகாமுக்கும் பதினைந்தாவது முகாமுக்கும் வித்தியாசம் கேட்டால் என்னால் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, வண்டிக்கு இன்ன பாகம் வாங்கினால்தான் அடுத்த கட்டம் என்று கதையே நடுவில் பூட்டுப் போட்டுவிடும். பிளேஸ்டேஷன் 4 பதிப்புக்கு விமர்சகர்களின் சராசரி 69. விளையாடியவர்கள் மத்தியில் பல வருடமாக, கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் ‘மிகவும் நேர்மறை’. இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. விமர்சகர் காலக்கெடுவுக்குள் முடிக்க வேண்டும் என்பதற்காக அத்தனை முகாமையும் நாலைந்து நாளில் தொடர்ந்து அடித்து முடித்திருப்பார். சாதாரண ஆள் ராத்திரி ஒரு மணி நேரம் வண்டி ஓட்டி, ஒரு முகாமை அடித்துவிட்டுத் தூங்கப் போயிருப்பார். ‘ஒரே மாதிரி ஆகிவிடுகிறது’ என்ற புகாரில் பாதி, கேமைப் பற்றியது. மீதி, அதை விளையாடிய வேகத்தைப் பற்றியது. இப்படி இஷ்டப்படி சுற்றித் திரியும் திறந்த உலக கேம்களுக்கு விமர்சனம் எழுதுகிறவர்கள் எந்த வேகத்தில் விளையாடினோம் என்பதையும் ஒரு வரியில் சொன்னால் என்ன?

2010இல் வந்த முதல் ‘நியர்’ கதையும் இப்படித்தான். மெட்டாக்ரிடிக்கில் 60களின் பிற்பகுதியோடு நின்றது. முக்கியக் கதைக்கு வெளியே தரும் பக்கவாட்டு வேலைகள் எல்லாம் இதைக் கொண்டு வா, அதைக் கொண்டு போ ரகம், அதிலும் அந்த மீன்பிடிக்கும் படலம் பலரைக் கடுப்பேற்றியது. நியாயமான கோபம்தான், நானும் சேர்ந்து திட்டுவேன். ஆனால் அந்த கேமை இரண்டாவது முறை விளையாடினால் அதே சண்டைகள் வேறு அர்த்தத்தோடு வரும். (ஏன் என்று சொல்ல மாட்டேன், இன்னும் விளையாடாதவர்கள் இருப்பீர்கள்.) முதல் சுற்றோடு வைத்துவிட்டு எழுதினால் 65 சரியான மதிப்பெண். இசைக்கும் அந்த இரண்டாம் சுற்றுக்கும் தனியாக இடம் ஒதுக்கியிருந்தால் விமர்சனத்தின் தொனியே மாறியிருக்கும். 2017இல் அடுத்த பாகமான ‘நியர்: ஆட்டோமேட்டா’ 88 வாங்கிய பிறகுதான் எல்லோரும் திரும்பிப்போய்ப் பழையதைத் தேடினார்கள்.

சராசரி எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு ‘டெட்லி பிரிமோனிஷன்’ போதும். அதே 2010. ஐஜிஎன் தளம் 10க்கு 2 கொடுத்தது. டிஸ்ட்ரக்டாய்ட் தளம் 10க்கு 10. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 6 வரும், இரண்டு பேரில் ஒருவரும் கொடுக்காத மதிப்பெண். சண்டைக் காட்சிகள் கொடுமை, வண்டி ஓட்டுவது அதைவிடக் கொடுமை, ஆனால் அதன் கதாநாயகன் காபிக்குள் எதிர்காலத்தைப் பார்ப்பவன். இந்த மாதிரி கேமைப் போய் ‘சுமார்’ என்று சொல்வது அநியாயம். அது எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம், சுமார் மட்டும் கிடையாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கமெண்ட்டில் வந்து நிற்பார்கள். நடுத்தர மதிப்பெண் வாங்கிய ஒவ்வொரு கேமும் குப்பையில் கிடக்கும் மாணிக்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லியே வண்டி ஓட்டுகிற ஒரு கூட்டம் இருக்கிறது. 62 வாங்கிய எதைப் பார்த்தாலும் “அண்டர்ரேட்டட்” என்று கிளம்பிவிடுவார்கள். பெரும்பாலான 62கள் தட்டைதான். நியாயமாகவே 62 வாங்கியவைதான். அதை வாங்க ஆள் தேட வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

இந்த எண்களுக்குப் பின்னால் பணம் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ 2010இல் மெட்டாக்ரிடிக்கில் 84 வாங்கியது. 85 வந்திருந்தால் அதை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்கு போனஸ். ஒரு மதிப்பெண்ணில் போனது. ‘ஹோம்ஃபிரண்ட்’ விமர்சனங்கள் வெளிவந்த அன்று அதன் வெளியீட்டாளரான டிஎச்கியூவின் பங்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. விமர்சகர்களுக்கும் அடி விழுந்திருக்கிறது. 2007 நவம்பரில் கேம்ஸ்பாட் தளத்தில் ஜெஃப் கெர்ஸ்ட்மன் ‘கேன் அண்ட் லிஞ்ச்’ கேமுக்கு 10க்கு 6 கொடுத்தார். அதே கேமின் விளம்பரம்தான் அப்போது அந்தத் தளத்தை நிறைத்திருந்தது. மாதம் முடிவதற்குள் அவர் வேலை போய்விட்டது. விளம்பர நிறுவனங்களின் அழுத்தத்துக்கு நிர்வாகம் பணிந்ததைப் பற்றி 2012இல் அவரே வெளிப்படையாகப் பேசினார். 6 தான் கொடுத்தார் மனிதர், 2 கூட இல்லை. அதற்குப் பிறகு நடுத்தர கேமுக்கு 7 போட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்து எனக்குக் கோபம் வருவதில்லை, புரிகிறது.

மதிப்பெண்ணைத் தூக்கிப்போட்டால் தீருமா என்றால், யூரோகேமர் என்ற விமர்சனத் தளம் 2015இல் தூக்கிப்போட்டுப் பார்த்தது. ‘கட்டாயம்’, ‘பரிந்துரை’, ‘தவிர்க்கவும்’ என்று முத்திரை குத்த ஆரம்பித்தார்கள். நடுவில் இருக்கிற கேமுக்கு? முத்திரையே கிடையாது, வெறும் விமர்சனம் மட்டும். எனக்கு அது பிடித்திருந்தது. தீர்ப்பு தெரிய வேண்டுமானால் படித்துத்தான் ஆக வேண்டும். 2023இல் அவர்களும் ஐந்து நட்சத்திரத்துக்கு வந்துவிட்டார்கள். ஸ்டீமில் கட்டைவிரல் மேலே, அல்லது கீழே, அவ்வளவுதான். “பிடித்தது, ஆனால்...” என்று இழுக்கிறவனுக்கு அங்கே பொத்தான் இல்லை. நூற்றுக்கு 40 முதல் 69 பேர் விரலை உயர்த்தினால் ‘கலவை’ என்று காட்டும். எல்லோருக்கும் பாதி பிடித்ததா, பாதிப் பேருக்கு முழுசாகப் பிடித்ததா என்று அதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. மறுபடி தட்டையா கோணலா என்ற அதே கேள்வி.

கடைசியாக அந்தத் ‘தள்ளுபடியில் வாங்கலாம்’ தீர்ப்பு. விமர்சனத்தில் எனக்கு அறவே பிடிக்காத வரி அது. விலை பாதியாகலாம், கேமின் நீளம் பாதியாகாது. சலிப்பூட்டும் முப்பது மணி நேரம் இலவசமாகக் கிடைத்தாலும் சலிப்பூட்டும் முப்பது மணி நேரம்தான். அதற்குப் பதில் எப்படி விளையாடினால் தாங்கும் என்று சொல்லுங்கள். ‘ஃபார்ஸ்போக்கன்’ கேமில் மந்திர சக்தியோடு பாறை மேல் ஓடித் தாவுவது பிரமாதம், கதாநாயகியின் கையில் இருக்கிற காப்பு ஓயாமல் பேசுவது தலைவலி. செட்டிங்ஸில் அதன் பேச்சைக் குறைக்க வழி இருக்கிறது. அந்த ஒரு தகவல் எனக்கு 6.5ஐ விடப் பெரிது. ‘மேட் மேக்ஸ்’ வாங்க யோசிக்கிறவர்களுக்கும் அப்படியே: வண்டிக்காக வாங்குங்கள். வரைபடத்தில் இருக்கிற ஐகான்களைத் துடைத்து முடிக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். கதை பூட்டுப் போடும் இடத்தில் மட்டும் தேவையான பாகத்துக்கு வேண்டிய முகாம்களை அடியுங்கள். புயல் வந்தால் ஒளிய ஓடாமல் வண்டியைப் புயலுக்குள்ளேயே விடுங்கள்.