இருமொழி வகுப்பில் படித்தால் ஆங்கிலம் பின்தங்குமா?

“அமெரிக்கப் பள்ளிகளில் இருமொழி வகுப்பில் சேர்த்தால் பாதிப் பாடம் வேறு மொழியில் போய்விடும், பிள்ளையின் ஆங்கிலம் கெட்டுவிடும்” என்ற தகவல் பெற்றோர் குழுக்களில் சுற்றுகிறது. பாடங்களில் ஒரு பகுதி வேறு மொழியில் நடப்பது உண்மைதான், ஆனால் ஆங்கிலம் கெட்டுவிடும் என்பது தவறு.

ஒரேகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில் ஸ்பானிஷ், சீனம், ஜப்பானியம், ரஷ்யன் மொழிகளில் இப்படிப்பட்ட வகுப்புகள் உண்டு. விண்ணப்பங்கள் அதிகம் என்பதால் குலுக்கல் முறையில் இடம் தருகிறார்கள். இந்தக் குலுக்கல்தான் ஆய்வாளர்களுக்குப் பெரிய உதவி. அக்கறையுள்ள பெற்றோரின் பிள்ளைகள் எங்கே படித்தாலும் நன்றாகப் படிப்பார்கள் என்று யாரும் சொல்லலாம், நியாயமான சந்தேகம்தான். ஆனால் இங்கே இடம் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள் இருவருமே விண்ணப்பித்தவர்கள். பிரித்தது அதிர்ஷ்டம் மட்டுமே.

இந்த இரு தரப்பையும் ஒப்பிட்டு 2017-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, குலுக்கலில் இடம் பெற்ற பிள்ளைகள் இடம் கிடைக்காதவர்களைவிட ஆங்கில வாசிப்பில் 5-ஆம் வகுப்பில் சுமார் 7 மாதப் படிப்பு அளவுக்கும், 8-ஆம் வகுப்பில் சுமார் 9 மாத அளவுக்கும் முன்னே இருந்தார்கள். வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கும் பலன் கிடைத்தது. இவர்களுக்குத்தான் ஆங்கிலம் வராமல் போகும் என்று அதிகம் பயமுறுத்துகிறார்கள், அதுதான் வருத்தம்.

சரி, கணக்கும் அறிவியலும்? குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை, இழப்பும் தெரியவில்லை. ஆகவே “இருமொழி வகுப்பு எல்லாப் பாடத்திலும் மதிப்பெண்ணை ஏற்றும்” என்று எதிர்ப்பக்கம் பரப்பினால், அதற்கும் இந்த ஆய்வில் ஆதாரம் இல்லை.