24 மணி நேரம் தாண்டினால் காப்பீடு கிடையாதா?

"விபத்து நடந்து 24 மணி நேரத்துக்குள் போலீசில் எஃப்.ஐ.ஆர். போடாவிட்டால் கார் காப்பீட்டில் ஒரு பைசா கிடைக்காது" என்றொரு வாட்ஸ்அப் செய்தி தொண்டி முதல் ஏர்வாடி வரை சுற்றுகிறது. தவறு.

24 மணி நேரக் கணக்கு முழுக் கற்பனையும் அல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 134-இன்படி, பிறருக்குக் காயமோ அவர்கள் உடைமைக்குச் சேதமோ நேர்ந்து, அங்கே காவலர் இல்லையென்றால், ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். அது ஓட்டுநரின் கடமை. காப்பீட்டுக்கான கெடு அல்ல. கிழக்குக் கடற்கரைச் சாலையில் குறுக்கே வந்த ஆட்டுக்காக வண்டியை ஒடித்துச் சீமைக் கருவேலம் புதரில் சொருகியவருக்கு (ஆடு தப்பித்திருந்தால்) பொதுவாக எஃப்.ஐ.ஆர். தேவைப்படாது.

பாலிசி சொல்வது "உடனடியாகத் தெரிவிக்கவும்" என்பதுதான். நியாயமான காரணத்தால் தாமதித்தால், அதை மட்டுமே சாக்காக வைத்து மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2011 செப்டம்பர் 20-இல் நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது.

அதற்காக ஆற அமரவும் இருக்காதீர்கள். நம் உப்புக்காற்றில் நசுங்கிய தகடு சீக்கிரமே துருவேறும். பார்வையிட வரும் சர்வேயர் பழைய சேதம் என்று சந்தேகப்படுவார். துருவுக்குப் பாலிசியில் இழப்பீடு இல்லை. அன்றே படம் எடுங்கள், அவர் பார்க்கும்வரை பழுது நீக்காதீர்கள்.

மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். நிறுவனத்திடம் முறையிட்டும் தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அலுவலகம் சென்னையில், கட்டணம் இல்லை.