வயட் எர்ப் மீது சேறு பூசவில்லை இந்தப் படம்

1971-இல் வந்த 'டாக்' என்ற வெஸ்டர்ன் படம், பழைய அமெரிக்க மேற்கில் பேர்போன சட்டக் காவலரான வயட் எர்ப்பை வேண்டுமென்றே கேவலப்படுத்துகிறது என்று ஒரு கட்டுரையாளர் வருத்தப்படுகிறார். சரி, 1881 அக்டோபர் 26 அன்று அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள டூம்ஸ்டோன் ஊரில் நடந்தது என்ன? ஒரு போட்டோ ஸ்டுடியோவை ஒட்டிய குறுகலான காலிமனை. ஒரு பக்கம் வயட், அவருடைய சகோதரர்கள், நண்பர் டாக் ஹாலிடே; மறுபக்கம் கிளான்டன் கோஷ்டி. எதிரெதிரே, சில அடி தூரத்தில் நின்று சுட்டார்கள். சுமார் அரை நிமிடத்தில் கிளான்டன் கோஷ்டியில் மூன்று பேர் செத்து விழுந்தார்கள். அதில் பில்லி கிளான்டனுக்கு 19 வயதுதான், பாவம். ஆயுதமில்லாத ஐக் கிளான்டன் ஓடித் தப்பினார். அப்புறம் எர்ப் சகோதரர்கள் மீதும் ஹாலிடே மீதும் கொலைக் குற்றச்சாட்டு. விசாரணை முடிந்து விடுவித்தார்கள். வயட்டுக்கு அப்போதே ஷெரீப் பதவி மேல் கண் இருந்தது. படத்தில் வயட்டாக வரும் ஹாரிஸ் யூலின் அந்தப் பதவி ஆசையைத்தான் நடித்துக் காட்டுகிறார். காசநோயில் உருகும் ஹாலிடேயாக ஸ்டேசி கீச்சும் அருமை. தயவுசெய்து இன்னொரு முறை பாருங்கள்.