ஓட்டு போட்டாச்சு, ஹாஸ்டல் கேட்ட தாண்ட அப்பா ஓகே சொல்லணுமாம்

எனக்கு வயசு இருபது. ஓட்டு போட்டாச்சு. பேங்க்ல என் பேர்ல அக்கவுண்ட் இருக்கு, புதுமைப் பெண் திட்டத்துல மாசாமாசம் 1000 ரூபா அதுல தான் விழுது, நான் கையெழுத்து போட்டா கவுண்டர்ல இருக்கவங்க ஒரு கேள்வி கேக்காம காச எண்ணிக் குடுக்குறாங்க. நாளைக்கே நான் கல்யாணம் பண்ணிக்கிறேன்னு கெளம்புனா கூட சட்டம் குறுக்க வராது. ஆனா ஞாயித்துக்கெழம மத்தியானம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல இருக்க கடைக்குப் போயி ரெண்டு இன்னர் வாங்கிட்டு வரணும்னா திருப்பூர் பனியன் கம்பெனில ஓவர்டைம் பாத்துட்டு இருக்க எங்கப்பா போன எடுத்து எங்க ஹாஸ்டல் வார்டன்கிட்ட "சரிங்க மேடம், அனுப்புங்க"ன்னு சொல்லணும். அவர் எடுக்கலன்னா நான் போகக்கூடாது. மெஷின் சத்தத்துல அவருக்கு ரிங் எப்படிங்க கேக்கும்?

இது ஸ்கூல் ஹாஸ்டல் இல்ல. ஊருக்கு வெளிய இருக்க ஒரு சின்ன மகளிர் கலைக் கல்லூரி, நான் பி.ஏ. ஹிஸ்டரி மூணாவது வருஷம்.

ஹாஸ்டல்ல இருந்து வெளிய போக எழுதி கையெழுத்து வாங்குற அவுட்பாஸ் நோட்டு எப்படி இருக்கும்னு தெரியாதவங்களுக்கு சொல்றேன். நீளமான அட்டை போட்ட லாங் சைஸ் நோட்டு, ஸ்கேல் வச்சு பேனாவுல கோடு போட்டு கட்டம் கட்டமா பிரிச்சிருப்பாங்க, பேரு, ரூம் நம்பர், போகும் இடம், கூட யாரு போறா, அப்பா செல் நம்பர், போன நேரம், வந்த நேரம், நடுவுல "காரணம்"னு ஒரு கட்டம். அந்தக் கட்டம் தான் பிரச்சனையே. வார்டன் கையெழுத்து போட்டதுக்கப்புறம் அதே நோட்டு கேட்ல வாட்ச்மேன் அண்ணாகிட்ட போகும், அவர் வெரல வச்சு ஒவ்வொரு வரியா படிப்பாரு. அதுல போயி நான் என்னத்த எழுத? "பர்சனல்"னு எழுதுனா "அது என்ன பர்சனல்"னு எல்லார் முன்னாடியும் கேப்பாங்க. அதனால சீனியருங்க எங்களுக்கு சொல்லிக் குடுத்த ஒரே பாடம், எதுக்குப் போனாலும் ஜெராக்ஸ்னு எழுது. டாக்டர பாக்க போனாலும் ஜெராக்ஸ், பிறந்தநாளுக்கு பிரியாணி திங்கப் போனாலும் ஜெராக்ஸ். அந்த நோட்ட யாராச்சும் நூறு வருஷம் கழிச்சு எடுத்துப் பாத்தா இந்த ஊர்ல பொண்ணுங்க ஜெராக்ஸ் எடுக்கத்தான் காலேஜ் வந்தாங்கன்னு ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதுவாங்க.

சரி என் கதைய விடுங்க, எங்கப்பாவாச்சும் சாயங்காலம் திரும்பக் கூப்புடுவாரு. என் ரூம்மேட்டுக்கு அப்பா கெடையாது, சின்ன வயசுலயே விட்டுட்டு போயிட்டாரு, அம்மா தான் டெய்லரிங் பண்ணி மூணு பேர வளத்துருக்காங்க. அட்மிஷன் அன்னிக்கு ஃபார்ம்ல அம்மா கையெழுத்து போட்டா "ஆம்பளைங்க யாரும் வரலயாம்மா, மாமா சித்தப்பா யாராச்சும்?"னு கேட்டாங்க, ஆபீஸ் வாசல்ல க்யூல நிக்கிற அத்தன பேரு காதுலயும் விழுற மாதிரி. கடைசில ஒன்னுவிட்ட மாமா ஒருத்தர் நம்பர குடுத்தாங்க. இப்ப அந்த மாமாவுக்கும் அவங்க அம்மாவுக்கும் சொத்து விஷயத்துல பேச்சுவார்த்தையே இல்ல. ஆனா அவ வெளிய போறதா வேணாமான்னு அந்தாளு தான் சொல்லணும்! பெத்து வளத்து ஃபீஸ் கட்டுற அம்மா சொன்னா செல்லாது. இது பொம்பளைங்க காலேஜ்ங்க. பிரின்சிபால் பொம்பள, வார்டன் பொம்பள, ஹெச்ஓடி பொம்பள.

இதுல எனக்கு எரியிறதே எங்கன்னா, கேட்டுக்கு உள்ள இருக்கிற வரைக்கும் எங்கள மாதிரி ஆளுங்க கெடையாது. சின்ன காலேஜ், எல்லா வேலையும் நாங்க தான். கல்ச்சுரல்ஸ் வந்தா பெஞ்ச் தூக்குறது, சீரியல் செட் கட்டுறது, மைக் கத்துனா வயர புடுங்கி சரி பண்றது, ஸ்பான்சர் கேட்டு கடைக்காரங்ககிட்ட போன்ல பேசி காசு வாங்குறது, எல்லாம் நாங்க. ஸ்கூல்ல கோ-எட்ல படிச்சப்ப மேடை வேலைன்னா பசங்க, கோலமும் வரவேற்புத் தட்டும் எங்களுக்குன்னு இருந்துச்சு, இங்க வந்து தான் ஏணி மேல ஏறுனேன். கிளாஸும் சும்மா சொல்லக்கூடாது, இருபத்தஞ்சு பேரு தான், மேடத்துக்கு ஒவ்வொருத்தி எழுத்தும் தெரியும், தப்புன்னா தப்புன்னு எதிர்த்துப் பேசலாம், பேச வைப்பாங்க. அதெல்லாம் மறுக்கவே மாட்டேன். ஆனா இவ்வளவும் செய்ய வச்சிட்டு சாயங்காலம் கேட்டப் பாத்து நடந்தா மட்டும் நாங்க திடீர்னு அஞ்சு வயசுப் புள்ளையா ஆயிடுறோமே, எப்படி?

பேச்சுப் போட்டிக்கு வேற காலேஜுக்குப் போவோம். போட்டி எல்லாம் மூணு மணிக்கு முடிஞ்சிரும், பரிசளிப்பு விழா நாலரைக்குன்னு போட்டிருப்பாங்க, சீஃப் கெஸ்ட் எந்த ஊர்ல நாலரைக்கு வந்திருக்காரு? அஞ்சரைக்குள்ள நாங்க கேட்டுக்குள்ள இருக்கணும். அதனால எங்க டீம் எப்பவும் ரிசல்ட் தெரியறதுக்கு முன்னாடியே பைய தூக்கிட்டு ஓடுற டீம். போன வருஷம் பஸ்ல நின்னுட்டு வரும்போது இன்னொரு காலேஜ் பொண்ணு மெசேஜ் போட்டா, "அக்கா உங்க காலேஜுக்குத் தான் ஓவரால் ஷீல்டு, மேடைல கூப்புட்டாங்க, யாருமே வரல"ன்னு. அந்த ஷீல்ட அப்புறம் ஆபீஸ்ல இருந்து ஆள் அனுப்பி வாங்கிட்டு வந்து பிரின்சிபால் ரூம் கண்ணாடி அலமாரில வச்சு போட்டோ எடுத்து காலேஜ் பேஜ்ல போட்டாங்க பாருங்க, "எங்கள் மாணவியரின் சாதனை"ன்னு. அந்த போட்டோல நாங்களே இல்ல.

எங்க மேனேஜ்மெண்ட்டே நடத்துற பசங்க காலேஜ் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கு. அவனுங்க ஹாஸ்டல் கேட்டு ராத்திரி ஒம்பதரைக்கு. நோட்டு கெடையாது, அப்பாவுக்குப் போன் கெடையாது, காரணம் கெடையவே கெடையாது. அதே ட்ரஸ்ட், அதே மெஸ் காண்ட்ராக்டர், அதே சாம்பார்.

கேட்டா வர்ற ஒரே பதில், "உங்க சேஃப்டிக்குத் தானம்மா". இந்த சேஃப்டி கதைய நான் சொல்றேன் கேளுங்க. எங்க கேட்ல இருந்து மெயின் ரோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் ஒரு தெரு விளக்கு எரியாது. அங்க சாயங்காலம் பைக்ல வந்து துப்பட்டாவ இழுக்குறது, அசிங்கமா பேசுறதுன்னு நடந்துச்சு. வண்டி நம்பர் முதற்கொண்டு எழுதி நாங்க பத்து பன்னெண்டு பேரு கையெழுத்து போட்டு ஆபீஸ்ல குடுத்தோம். என்ன பண்ணாங்க தெரியுமா? போலீஸுக்குப் போகல. நகராட்சிக்கு விளக்குக்கு ஒரு மனு போடல. மறுவாரம் நோட்டீஸ் போர்டுல ஒட்டுனாங்க, ஞாயித்துக்கெழம அவுட்டிங் டைம் அஞ்சரைல இருந்து நாலரையா கொறைக்கப்படுதுன்னு. கம்ப்ளெயிண்ட் பண்ணது நாங்க, தண்டனையும் எங்களுக்கு. அதுக்கப்புறம் எவ வாயத் திறப்பா? அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் எங்களுக்குள்ளயே அடங்கிப் போச்சு.

இதெல்லாம் செய்யக்கூடாதுன்னு காலேஜுங்களுக்கு ரூல்ஸ் போடுற யுஜிசியே சொல்லிருக்கு. உயர்கல்வி நிறுவனங்கள்ல பாலியல் துன்புறுத்தல தடுக்குறதுக்கான 2015ம் வருஷ விதிமுறைகள், 2016 மே மாசம் கெசட்ல வந்துச்சு, யார் வேணாலும் எடுத்துப் படிக்கலாம். பாதுகாப்பக் காரணம் காட்டி பசங்களுக்கு இல்லாத ரூல்ஸ பொண்ணுங்க ஹாஸ்டல்ல போடக்கூடாது, கண்காணிக்கிறேன்னு சொல்லி நடமாட்டத்தக் கட்டுப்படுத்தக்கூடாதுன்னு அதுல நேரடியாவே இருக்கு. அதே விதிமுறைல தான் புகார் கமிட்டின்னு ஒன்னு இருக்கணும், மாணவிங்க சம்பந்தப்பட்ட புகார்னா மாணவர் பிரதிநிதிங்கள தேர்தல் வச்சு எடுக்கணும்னும் இருக்கு. எங்க காலேஜ்லயும் கமிட்டி இருக்கு. ஆபீஸ் வாசல்ல ஃப்ளெக்ஸ் போர்டா இருக்கு. அதுல மாணவர் பிரதிநிதின்னு ஒரு பேரு போட்டிருக்காங்க, அந்த அக்கா ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே பாஸ் அவுட் ஆயிட்டாங்க. தேர்தல்னு ஒன்னு நடந்து நான் பாக்கல.

ஆனா ஜனவரி 25 வந்தா மட்டும் கரெக்டா கிரவுண்ட்ல வரிசையா நிக்க வச்சு தேசிய வாக்காளர் தின உறுதிமொழி எடுக்க வைப்பாங்க. கைய நீட்டி சத்தமா சொல்லணும், அச்சமின்றி வாக்களிப்போம்னு. இந்த நாட்டுல ஓட்டு வயச 21ல இருந்து 18ஆ கொறச்சது 1989ல, நான் பொறக்குறதுக்கு ரொம்ப முன்னாடி. முதலமைச்சர் யாருன்னு முடிவு பண்ற அளவுக்கு எனக்கு விவரம் இருக்குன்னு அரசியலமைப்பே ஒத்துக்கிட்டுச்சு, எங்க வார்டன் இன்னும் ஒத்துக்கல.

செல்போனும் அப்படித்தான். ஸ்டடி ஹவர்ஸ்னு ஏழுல இருந்து ஒம்பது வரைக்கும் வாங்கி ஒரு அண்டால போட்டு வச்சிருவாங்க, ஆமா, மெஸ் அண்டா தான். பிடிஎஃப்ல இருக்க நோட்ஸ அப்ப எப்படிப் படிக்கிறது? கேரளாவுல கோழிக்கோடு பக்கம் ஒரு காலேஜ்ல இதே மாதிரி ஆறுல இருந்து பத்து மணி வரைக்கும் போன் கூடாதுன்னு சொன்னப்ப ஃபஹீமா ஷிரின்னு ஒரு பி.ஏ. ஸ்டூடண்ட் முடியாதுன்னு நின்னாங்க, ஹாஸ்டல்ல இருந்து வெளிய அனுப்பிட்டாங்க, அவங்க ஹைகோர்ட்டுக்குப் போனாங்க. 2019 செப்டம்பர்ல தீர்ப்பு, இன்டர்நெட் பயன்படுத்துறது கல்வி உரிமையோடயும் தனியுரிமையோடயும் சேந்ததுன்னு சொல்லி திரும்பச் சேத்துக்கச் சொன்னாங்க. எங்களுக்கு கோர்ட்டுக்குப் போற வசதியெல்லாம் இல்ல, அதுக்கும் அவுட்பாஸ் வேணும்.

காலேஜுக்கு கிரேடு போடுற நாக் டீம் வர்றதுக்கு முன்னாடி நடந்த கூத்து தனி. வாடகைக்குப் பூந்தொட்டி, நாலரைக்கு மூடுற லைப்ரரி ஒரு வாரத்துக்கு மட்டும் ஏழு மணி வரைக்கும், "கேட்டா என்ன சொல்லணும்"னு எங்களுக்கு ரிகர்சல் வேற. "பெண்கள் சுதந்திரமா சிந்திக்க இடம் குடுக்குறாங்க"ன்னு சொல்லச் சொன்னாங்க. சொன்னோம், இன்டர்னல் மார்க் அவங்க கைல இருக்கே.

"பொண்ணுங்களுக்கு என்ன தெரியும், நாங்க தான பாத்துக்கணும்"னு சொல்றவங்களுக்கு ஒன்னு ஞாபகப்படுத்துறேன். சென்னைல 1914ல ஆரம்பிச்ச குயின் மேரிஸ் காலேஜ இடிச்சிட்டு அங்க தலைமைச் செயலகம் கட்டப்போறோம்னு 2003ல அரசாங்கம் கெளம்புச்சு. ராத்திரி பகலா உள்ளயே உக்காந்து போராடுனது அந்த மாணவிங்க தான். திட்டத்த அரசாங்கம் கைவிட்டுச்சு, காலேஜ் இன்னிக்கும் பீச் ரோட்ல நிக்குது. அன்னிக்கு அவங்க அப்பாமாருக்குப் போன் போட்டு "போராடலாமா சார்"னு கேட்டுட்டா உக்காந்தாங்க?

நாங்க ஒன்னும் ராத்திரி பூரா சுத்தணும்னு கேக்கல. பசங்க ஹாஸ்டல்ல என்ன நேரமோ அதே நேரம், நோட்டுல காரணம்னு இருக்க கட்டத்த எடுங்க, அப்பா நம்பருக்குப் பதிலா என் கையெழுத்த ஏத்துக்கங்க, அந்தத் தெருவுல ரெண்டு விளக்கு போட ஒரு மனு எழுதுங்க. மனுவ நாங்களே கூட எழுதித் தர்றோம்.

இதப் படிச்சிட்டு "வெளிய நெலம சரியில்ல தங்கச்சி, பெரியவங்க நல்லதுக்குத் தான் சொல்வாங்க"ன்னு எழுத வர்ற அண்ணன்மாரே, தாராளமா எழுதுங்க. எழுதுறதுக்கு முன்னாடி, நீங்க படிச்சப்ப உங்க ஹாஸ்டல் கேட்ட எத்தன மணிக்குப் பூட்டுனாங்கன்னு அத மட்டும் மொதல்ல போட்டுட்டு எழுதுங்க.